ஊட்டிக் குளிரில் வேன் கேஸ்: எது தாங்கும், எது மக்கர் பண்ணும்?

மேட்டுப்பாளையத்தில் நீலமாய் எரிந்த அடுப்பு, ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் விடிகாலை ஐந்தரைக்கு ஒரு டீ போடக்கூட முரண்டு பிடிக்கும். உடனே பலரும் பர்னரைக் கழற்ற உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பர்னரில் ஒரு கோளாறும் இருக்காது. மலையில் குளிர் படுத்துவது சிலிண்டரை, உயரம் படுத்துவது பர்னரை. எது என்பதைத் தீயே சொல்லிவிடும். நீல நிறம் மாறாமல் தீ மட்டும் குட்டையாகிக்கொண்டே போனால் கேஸ் வரத்துக் குறைவு. சிலிண்டர் பக்கம் பாருங்கள். தீ நெடுநெடுவென்று சோம்பலாக ஆடி, நுனி மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்றுக் குறைவு; பர்னர் பக்கம் பாருங்கள். வேனில் எந்தச் சிலிண்டர், எந்த ஹீட்டர், எந்த ஃபிரிட்ஜ் என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

மூன்று வகைச் சிலிண்டர்

நம் சமையல் கேஸ் புரொபேனும் பியூட்டேனும் கலந்தது. புரொபேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும்; ஊட்டிக் குளிரெல்லாம் அதற்குத் தூசு. பியூட்டேன் கொதிப்பது பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைந்து, இன்னும் சில டிகிரி கீழே வரை பியூட்டேன் ஆவியாகும். உயரம் செய்யும் ஒரே உபகாரம் இதுதான். ஆனால் கேஸ் ஆவியாக ஆவியாக, உள்ளே இருக்கும் திரவம் தன் சூட்டையே செலவழித்துக் குளிர்ந்துகொண்டு வரும். அந்தச் சூட்டை வெளிக்காற்றிலிருந்து சிலிண்டரின் சுவர் வழியாகத்தான் மீட்க வேண்டும். உறைபனி விழுந்த காலையில் வெளிக்காற்றில் சூடு எங்கே இருக்கிறது?

புதுச் சிலிண்டரில் புரொபேன் முந்திக்கொண்டு வெளியேறும். கடைசிக் கால் பங்கில் மிஞ்சுவதில் பியூட்டேனே அதிகம். முதல் இரண்டு நாள் ஒழுங்காக எரிந்த அடுப்பு மூன்றாம் நாள் காலை தகராறு செய்வது இதனால்தான்.

5 கிலோ இரும்புச் சிலிண்டரே மலைக்கு முதல் தேர்வு. இரும்பு சூட்டை வேகமாகக் கடத்தும். ‘சோட்டு’ என்ற பெயரில் வருவது போன்ற சிலிண்டர்களை வீட்டு இணைப்பு இல்லாதவர்களும் அடையாள அட்டை காட்டி வாங்கலாம். ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் தீர்ந்ததை மதியச் சமையலுக்கும் நிறைந்திருப்பதை விடிகாலைக்கும் மாட்டினாலே பாதித் தொல்லை தீரும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் வீட்டு இணைப்புக்கு உரியது. அதை வேனில் ஏற்ற வேண்டாம்.

கண்ணாடி நார் சுற்றிய காம்போசிட் சிலிண்டர் எடை குறைவு, துருப்பிடிக்காது, உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்தே சொல்லலாம். சமவெளியில் இதை மிஞ்ச ஆளில்லை. மலையிலோ அந்த பிளாஸ்டிக் உறையே ஸ்வெட்டர் மாதிரி. வெளிச்சூட்டை உள்ளே விடாது. ஒரே ஒரு அடுப்புக்குப் போதும், கீசரை மாட்டினால் திணறிப்போகும்.

கையடக்க அடுப்பில் செருகும் 220 கிராம் பியூட்டேன் டின்னுக்கு மலையில் கடைசி இடம். உள்ளே இருப்பது பெரும்பாலும் பியூட்டேன்தான். பகலில் டீக்குச் சரி. பனி விழும் காலையில் லைட்டரின் தீ அளவுக்குச் சுருங்கிவிடும். டின்னை இரவில் போர்வைக்குள் வைத்திருந்து காலையில் எடுப்பவர்கள் உண்டு. பத்து நிமிடம் எரியும், பிறகு டின்னே குளிர்ந்து பழைய கதைதான்.

சிலிண்டர்தான் காரணமா என்று உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. தீ இறங்கியதும் நாபை மூடிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். மறுபடி பற்ற வைக்கும்போது நன்றாக எழுந்து, சில நிமிடத்தில் மீண்டும் இறங்கினால் சந்தேகமே வேண்டாம். சிலிண்டரின் வெளிப்பக்கம் ஓர் உயரம் வரை வியர்த்தோ பனி பூத்தோ இருந்தால் அதுதான் திரவ மட்டம். கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும் காலி எடையைக் கழித்து, பெட்டி தூக்கும் தராசில் நிறுத்தாலும் மீதி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சரிசெய்ய, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரை ஓர் அகலப் பாத்திரத்தில் நாலு விரல் ஆழம் ஊற்றிச் சிலிண்டரை நிமிர்த்தி வையுங்கள். கொதிநீர், ஹேர் டிரையர், பக்கத்தில் அடுப்பு எதுவும் கூடாது. டீக்கடைகளில் செய்வதுபோல் சிலிண்டரைப் படுக்கப் போட்டு உருட்டும் பழக்கம் வேனுக்குள் வரவே கூடாது. படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். தீ ஒரே பாய்ச்சலாகக் கூரை வரை எழும்.

அடுப்பு

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் காற்று கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு மெலிந்தது. ஜெட் எனும் பித்தளைத் துளை வழியாக வரும் கேஸ் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆக, தீக்குக் காற்று பற்றாது. பர்னருக்குக் கீழே காற்றுத் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் வளையம் இருந்தால் கொஞ்சம் திறந்துவிடுங்கள். மஞ்சள் நுனி மறைந்ததும் நிறுத்துங்கள். ரொம்பத் திறந்தால் தீ பர்னரை விட்டு எழும்பி உறுமும். நம்மூர் அடுப்புகள் பலவற்றில் அந்த வளையமே கிடையாது. அவற்றில் நாபைச் சற்றுக் குறைத்து எரிப்பதுதான் வழி.

உயரத்தைக் குறை சொல்லும் முன் கேஸும் காற்றும் கலக்கும் மிக்ஸிங் டியூபை வெளியே இழுத்து ஒரு முறை வெளிச்சத்தில் பாருங்கள். மாதக்கணக்கில் கீழே நிறுத்தியிருந்த வேனில் சிலந்தி வலையோ குளவி வைத்த மண்கூடோ பாதிக் குழாயை அடைத்திருக்கும். அதுவும் இதே மஞ்சள் தீயைத்தான் தரும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஜெட்டில் மட்டும் ஊசியை விடாதீர்கள். பித்தளை மென்மையானது. ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் கேஸ் கூடி, கரி நிரந்தரமாகிவிடும். சோப்பு நீரில் ஊறவைத்து ஊதினால் போதும்.

வெளிநாட்டு வேன் அடுப்பு வாங்கியவர்கள் அதன் தகட்டைப் படிக்க வேண்டும். நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது 30 மில்லிபார் அழுத்தம். பழைய ஜெர்மன் கேரவன் சாதனங்கள் 50 மில்லிபாருக்குச் செய்தவை. நம் ரெகுலேட்டரில் கோயம்புத்தூரிலும் சோம்பலாகத்தான் எரியும். அதற்காக ஓட்டல் சிலிண்டரின் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டுவது தற்கொலைக்குச் சமம்.

நாபை விட்டதும் அணைந்தால் அது வேறு கோளாறு. தீ அணைந்ததும் கேஸை மூடும் தெர்மோகப்பிள் உள்ள அடுப்பில், அந்தக் கம்பியின் நுனி தீக்குள்ளே இருக்க வேண்டும். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி ஏறினால் நுனி ஒரு விரல்கடை நகர்ந்துவிடுவது சகஜம். நிமிர்த்தி, கரியைத் துடைத்து, பற்ற வைத்தபின் நாபைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

கேஸா, இண்டக்‌ஷனா? ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. குக்கரோடு ஒரு பர்னர் மணிக்கு 150 முதல் 200 கிராம் கேஸில் வேலையை முடித்துவிடும். 2,000 வாட் இண்டக்‌ஷனை பேட்டரியில் ஓட்டப் பெரிய இன்வெர்ட்டர் வேண்டும். அடுப்பில் கேஸுக்கே என் ஓட்டு.

வெந்நீர்: கேஸ் கீசரா, பெரிய பாத்திரமா?

ஆறு லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் மணிக்கு ஏறக்குறைய 900 கிராம் கேஸ் குடிக்கும். அடுப்பைப் போல ஐந்து மடங்கு. அந்த வேகத்துக்கு 5 கிலோ சிலிண்டர் குளிரில் ஆவி தர முடியாது. அதனால்தான் அடுப்பு எரியும்போதே கீசர் மட்டும் ஐந்தாவது நிமிடம் அணைகிறது. கோளாறை வரிசையாகப் பாருங்கள். டக்டக் சத்தமே இல்லையா? உள்ளே இருக்கும் இரண்டு பெரிய பேட்டரியை மாற்றுங்கள், பிறகு தண்ணீர் பம்பின் அழுத்தத்தையும் வடிகட்டி வலையையும் பாருங்கள். பொறி வந்து தீ பிடிக்கவில்லையா? கேஸ் வரவில்லை. பிடித்து இரண்டே விநாடியில் அணைகிறதா? தீயை உணரும் கம்பியில் கரி. சரியாக இருபது நிமிடத்தில் அணைந்தால் சில மாடல்களில் அது பாதுகாப்பு டைமர், பழுதே இல்லை.

இரவில் கீசரின் தண்ணீரை வடிகால் திருகு வழியாக இறக்கிவிடுங்கள். அவலாஞ்சி, மன்னவனூர் பக்கம் டிசம்பர், ஜனவரியில் நீர் உள்ளே உறைந்தால் செப்புக் குழாய் விரிந்து வெடிக்கும். கீசரை வேனுக்குள், அதுவும் மூடிய குளியலறையில் மாட்டவே கூடாது. காற்று மெலிந்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு இன்னும் எளிதாக உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பின்கதவுக்கு வெளியே தொங்கவிட்டுக் குளிக்கலாம். இரண்டு பேர் என்றால் பத்து லிட்டர் பாத்திரமே மேல்.

அறையைச் சூடாக்கவும் கேஸ் ஹீட்டர், கரி அடுப்பு இரண்டும் வேண்டாம். புகையை வெளியே தள்ளும் டீசல் ஹீட்டர் பரவாயில்லை, உயரத்துக்கேற்ப எரிபொருளைக் குறைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினால். இல்லையேல் இரண்டே இரவில் உள்ளே கரி அடைத்துவிடும். நல்ல கம்பளி இன்னும் மலிவு.

ஃபிரிட்ஜ்

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் சத்தமில்லாதது, நாளுக்குச் சுமார் 300 கிராம்தான். ஆனால் மட்டமாக நிற்க வேண்டும். மலையில் மட்டமான இடம் எங்கே கிடைக்கிறது? சாய்ந்து நின்றால் உள்ளே திரவச் சுழற்சி நின்று, பர்னர் எரிந்துகொண்டே இருக்கும், பால் திரியும். சில தயாரிப்பாளர்களே ஏறக்குறைய 1,700 மீட்டருக்கு மேல் மின்சாரத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் குன்னூரிலேயே கேஸை நிறுத்த வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டி சாய்வைக் கண்டுகொள்ளாது. ஊட்டிக் குளிரில் 40 லிட்டர் பெட்டிக்கு நாளுக்கு 25 முதல் 30 ஆம்பியர் மணி போதும். 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி மூன்று நாள் தாங்கும். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

எதை மாட்டினாலும், மலை ஏறி முடித்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சி வேண்டாம். ரெகுலேட்டர் மாட்டும் முன் சிலிண்டர் வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். நாற்றத்துக்குப் பல சமயம் அதுவே காரணம். ஆரஞ்சு டியூபை ஐந்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் ஓட்டை வேண்டும்; குளிர் அடிக்கிறது என்று அதில் துணியை அடைக்காதீர்கள். கேஸ் அலாரம் தரையோரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் தலையணை உயரம். கசிவுக்கு அவசர எண் 1906. வேனை விட்டுத் தள்ளிப்போன பிறகு அழையுங்கள்.