போட்டிக் குழுவா, பொது வகுப்பா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் மகள் போய்வரும் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில், அவளைப் போட்டிக் குழுவிலேயே வைத்திருப்பதா, பொது வகுப்புக்கு மாற்றுவதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.

125 செ.மீ. உயரமும் 10 செ.மீ. அகலமுமே உள்ள பீம் என்ற சமநிலைக் கட்டையில் கால் பழக, தரையில் வரைந்த கோட்டிலிருந்து தாழ்வான பீமுக்கும் அதிலிருந்து முழு உயரத்துக்கும் படிப்படியாக ஏற்றும் பொறுமையான பயிற்சி போட்டிக் குழுவில்தான் கிடைக்கிறது. ஆனால் பயிற்சி நேரம் முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் மாறும். போட்டிக் கட்டணத்துக்கு ரசீது கேட்டால் முகம் சுளிப்பார்கள். மணிக்கட்டு வலிக்கிறது என்று குழந்தை சொன்னால், 'போகப்போகப் பழகிவிடும்' என்பார்கள். வளரும் வயதில் ஓயாத அழுத்தம் மணிக்கட்டு எலும்பின் வளர்ச்சிப் பகுதியையே பாதிக்கக்கூடும் என்பதால், அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

பொது வகுப்பில் கரணமும் கையூன்றி நிற்பதும்தான். கட்டணம் குறைவு, பதக்கம் கிடையாது (அந்தக் கவலை உறவினர்களுக்குத்தான் அதிகம்). சர்வதேசப் போட்டிகளில் பெண்கள் சீனியர் பிரிவில் இறங்கவே அந்த ஆண்டில் 16 வயது நிறைய வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஓடிவந்து மேசை போன்ற கருவியில் கையூன்றித் தாவும் வால்ட் பிரிவில் நான்காம் இடம் பெற்றபோது இந்திய வீராங்கனை தீபா கர்மாகருக்கு 23 வயது. ஒன்பது வயதில் ஓராண்டு நிதானித்தால் குடி முழுகிவிடாது. எலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பொது வகுப்பே என் தேர்வு. நேரத்தையும் கட்டணத்தையும் எழுத்தில் தந்தால், போட்டிக் குழுவைப் பற்றி அதன்பின் பேசலாம்.