சிக்கனமா, வேலையா: பெங்களூரு வேட்பாளரின் இரண்டு வாக்குறுதிகள்

அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஓட்டுக் கேட்டு வருகிறவர் ‘அரசுச் செலவைக் கட்டுப்படுத்துவேன்’ என்றால், அதைச் சரிபார்க்க அளவுகோல் இருக்கிறது. மாநிலங்களிலேயே முதலாவதாகக் கர்நாடகம் 2002-இல் நிதிப் பொறுப்புச் சட்டம் கொண்டுவந்தது. நிதிப் பற்றாக்குறைக்கு மாநில உற்பத்தியில் 3 சதவீதம் என்று வரம்பு வைத்தது. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தாலும் துறைச் செலவுக்கு அரசு பணம் கேட்கும் மானியக் கோரிக்கைமீது, அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம்.

‘வேலை கொண்டுவருவேன்’ என்பதற்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. சட்டமன்றத்தின் 224 உறுப்பினர்களில் ஒருவர் ஆலை திறந்துவிட முடியாது. பீன்யா தொழிற்பேட்டைக்கு நல்ல சாலை, தடையில்லாத மின்சாரம், தொழிற்பயிற்சி நிலையம் கேட்டுச் சபையில் போராடலாம், அவ்வளவுதான்.

இருந்தும் என் ஓட்டு வேலை கொண்டுவருவேன் என்பவருக்கே. சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றிலும் கைவைப்பது கடினம். அதனால் சிக்கனம் என்று ஆரம்பித்தால் முதலில் அடிபடுவது சாலையும் பாலமும்தான். அவை நின்றால் வேலையும் நிற்கும். இலவசம் எல்லாமே வீண் என்று சிக்கனம் பேசுகிறவர்கள் சொன்னால் அதையும் நான் ஏற்க மாட்டேன்: அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் தரும், 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தால் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் நம் பெண்களுக்குப் பஸ் காசு மிச்சம். எந்தச் செலவை வெட்டுவேன் என்று பெயர் சொல்லிப் பேசும் சிக்கனக்காரர் வந்தால், அவரை உட்காரவைத்துக் கேட்பேன்.