கல்லடிப் பின்ன வகுப்பு: ஒரு மேசனின் கணக்கு

ஆரையம்பதியில் மேசன் வேலை செய்கிறவன் நான். மகன் தரம் 10. சமன்பாடு, கேத்திரகணிதம் எல்லாம் ஒருமாதிரி சமாளிப்பான். வசனக் கணக்கு வந்தால் பேனை நின்றுவிடும். சாதாரண தரக் கணித முதலாம் வினாத்தாளில் B பகுதியின் முதல் கேள்வி அநேகமாகப் பின்னத்தில்தான் வரும், அதற்கு 10 புள்ளி. கல்லடியில் ஒரு சேர் பின்னமும் விகிதமும் மட்டும் நான்கு சனிக்கிழமை எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, 2,000 ரூபா கட்டிச் சேர்த்துவிட்டேன்.

முதல் நாள் கொடுத்த கணக்கு இது: ஒருவர் தன் காணியில் 1/4 பங்கை மகளுக்கும், மீதியில் 2/3 பங்கை மகனுக்கும் கொடுத்தார். எஞ்சியது 40 பேர்ச். மொத்தக் காணி எவ்வளவு? என் மகன் வழக்கம்போல 1/4, 2/3 இரண்டையும் கூட்டி 11/12 எடுத்து, மிச்சம் 1/12 தான் 40 பேர்ச் என்று 480 எழுதியிருக்கிறான். ஒரு ஏக்கர் காணியை மூன்று ஏக்கர் ஆக்கிவிட்டான்! சேர் சூத்திரம் எதுவும் சொல்லவில்லையாம். பலகையில் நான்கு பெட்டி கீறினார். ஒன்று மகளுக்கு. மிச்சம் மூன்று. 'மீதியில்' என்ற சொல்லின் கீழ் சிவப்புக் கோடு இழுத்து, அந்த மூன்றில் இரண்டை மகனுக்குக் கொடுத்தார். ஒரு பெட்டி மிஞ்சியது, அது 40. நான்கு பெட்டி 160, அதாவது சரியாக ஒரு ஏக்கர். வீட்டுக்கு வந்து எனக்கும் கீறிக் காட்டினான். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "மட்டக்களப்பில எவன் மகளுக்குக் கால் பங்கு மட்டும் குடுக்கிறான்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், எங்கள் பக்கம் காணி பெரும்பாலும் மகளுக்குத்தான் போகும்.

விகிதம் படிப்பித்த விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. 1:2:4 கலவை, மொத்தம் 28 வாளி என்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு? ஏழு பங்கு, பங்குக்கு 4 வாளி, ஆக சீமெந்து 4, மணல் 8, சல்லிக் கல் 16. இதுவரை சரி. சீமெந்து மொத்தத்தில் 1/4 இல்லை, 1/7 தான் என்பதும் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதிந்திருக்கிறது. ஆனால் அடுத்த வரியில் 28 வாளி கொங்கிரீட் கிடைக்கும் என்று கொப்பியில் இருந்தது. கிடைக்காது. கல்லின் இடுக்குக்குள் மணலும், மணலின் இடுக்குக்குள் சீமெந்தும் இறங்கிவிடும், அளவு நன்றாகக் குறையும். மகன் அடுத்த வாரம் இதைக் கேட்க, சேர் சிரித்துவிட்டு, "அப்பா சொல்றது சரி, ஆனா பரீட்சையில அப்படி எழுதிராதீங்க" என்றாராம். கோபப்படாமல் ஒத்துக்கொண்டாரே, எனக்கு அது பிடித்தது.

நேர்மாறு விகிதசமனைக் கடைசி நாளில் அரை மணித்தியாலத்தில் ஓட்டிவிட்டார். 6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 4 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்றதற்கு மகன் ஆறே முக்கால் நாளுக்குக் கிட்ட ஒரு விடை வைத்திருந்தான். ஆளைக் குறைத்தால் வேலை சீக்கிரம் முடியுமென்றால் நான் எப்போதோ பணக்காரன். 6 பேர் 10 நாள் என்றால் 60 நாட்கூலி, அதை 4 பேருக்குப் பிரித்தால் 15 நாள் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு இன்னொரு சனிக்கிழமை ஒதுக்கியிருக்கலாம்.

காசு கொடுத்ததற்குக் கவலையில்லை. அடுத்த முறை தொடங்கும்போது தரம் 8 படிக்கும் மகளையும் அனுப்பப் போகிறேன். நேரத்தோடு போங்கள், பின் வாங்குகளுக்கு ஃபேன் காற்று எட்டாது. தகரக் கூரை வேறு.