காசிமேட்டு வியாபாரத்துக்கு 70 லிட்டர் ஐஸ் பெட்டி: எதைப் பார்த்து வாங்கணும், எங்கே சறுக்கும்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடும். ஏலத்தில் எடுத்த மீன் ஆட்டோவிலோ டாடா ஏஸிலோ ஏறி, தெருவுக்கும் சில்லறைச் சந்தைக்கும் போய், கடைசிக் கூறு விற்க மதியம் ஆகிவிடுகிறது. இந்த எட்டுப் பத்து மணி நேரம் மீனைக் காப்பாற்றுவதுதான் பெட்டியின் வேலை. மீன் விற்கும் பெண்களும், ஃபைபர் போட்டில் போய் அன்றைக்கே கரை திரும்புகிறவர்களும் அதிகம் கேட்பது இரட்டைச் சுவர் பாலிஎத்திலீன் பெட்டி, நடுவில் பஃப் எனப்படும் பாலியூரித்தேன் ஃபோம் அடைத்தது, 70 லிட்டர். தெர்மகோல் பெட்டியையும் ஃபைபர் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் சில்லறை வியாபாரத்துக்கு எங்கள் தேர்வு இதுதான். ஆனால் எல்லா 70 லிட்டர் பெட்டியும் ஒன்றல்ல.

முதலில் கொள்ளளவு. 70 லிட்டர் என்றால் 70 கிலோ மீன் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். ஐஸோடு சேர்த்து ஒழுங்காக அடுக்கினால் 30 கிலோ மீன், 18 முதல் 20 கிலோ உடைத்த ஐஸ், அவ்வளவுதான். அதற்கு மேல் மீனைத் திணித்தால் ஐஸுக்குத்தான் இடம் குறையும்.

வாங்க வருகிறவர்கள் சுவர் எவ்வளவு தடிமன் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான், ஆனால் ஐஸைத் தின்பதில் பெரும்பங்கு சுவருடையது அல்ல, சூடான மீனுடையது. 30 டிகிரியில் இருக்கும் 100 கிலோ மீனைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர மட்டுமே 34 கிலோ ஐஸ் உருகியாக வேண்டும். 30 கிலோ மீனுக்கு ஏறக்குறைய 10 கிலோ. சுவர் வழியாகப் போவது எவ்வளவு? வெளியே 32 டிகிரி, நிழல், மூடி மூடியே இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 35 மில்லிமீட்டர் பஃப் உள்ள நல்ல 70 லிட்டர் பெட்டி பத்து மணி நேரத்தில் 3 கிலோ ஐஸை இழக்கும். 25 மில்லிமீட்டர் தெர்மகோலில் அது 5, 6 கிலோ. வெறும் பிளாஸ்டிக் ட்ரேயில் போட்டு மேலே சாக்கு மூடினால் 20 கிலோவைத் தாண்டும். ட்ரேயிலிருந்து எந்தப் பெட்டிக்கு மாறினாலும் பெரிய லாபம். பெட்டிக்குப் பெட்டி சுவரில் ஐந்து மில்லிமீட்டர் கூடக் குறைய இருப்பதற்காக ரொம்ப அலைய வேண்டியதில்லை.

கவனமாகப் பார்க்க வேண்டியது வேறு இடம்: அடியில் இருக்கும் வடிகால் துளை. ஐஸ் உருகிய தண்ணீரில் ரத்தமும் கோழையும் கலந்திருக்கும். அதில் ஊறினால் அடி வரிசை மீன் வெளுத்து, செவுள் நிறம் போய், வயிறு தளர்ந்துவிடும். துளை அகலமாக, தரையின் மிகத் தாழ்ந்த மூலையில் இருக்க வேண்டும். கடையிலேயே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முழுக்க வடிந்தால் சரி, மூலையில் தேங்கினால் அந்தப் பெட்டி வேண்டாம். பிறகு துளைக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். உள் சுவரும் வெளிச் சுவரும் ஒரே வார்ப்பாக, வழவழவென்று சேர்ந்திருக்க வேண்டும். சில பெட்டிகளில் பிறகு துளை போட்டு ஒரு குழாயைச் செருகிப் பசை தடவி விட்டிருப்பார்கள். விரலுக்கு ஒரு விளிம்பு தட்டும். பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் நெடுநாள் நிற்காது. அந்த விளிம்பு வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி ஃபோம் நனையத் தொடங்கும். நனைந்த ஃபோம் குளிரைப் பிடிக்காது, நாறவும் செய்யும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வாங்கிய அன்றே காலிப் பெட்டியைத் தராசில் வைத்து, எடையை அடியில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் நன்றாகக் காயவைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ இரண்டு கிலோ ஏறியிருந்தால் சுவருக்குள் தண்ணீர் போய்விட்டது. துளையின் ரப்பர் மூடி தொலைந்தால் துணியைச் செருகுகிற பழக்கம் எங்கும் இருக்கிறது. அந்தத் துணி கிருமிக் கூடு. மூடியைக் கயிறு போட்டுக் கைப்பிடியோடு கட்டி வையுங்கள், கூடவே ஒரு மூடி வாங்கியும் வையுங்கள்.

அடுத்தது மூடியும் பூட்டும். ரப்பர் இழுவைப் பூட்டு வெயிலில் வெடித்து அறுந்துவிடும், ஆனால் மாற்றுவது சுலபம். எவர்சில்வர் கொக்கிப் பூட்டு பார்க்க உறுதியாகத் தெரியும். மலிவான தரத்தில் செய்தது உப்புத் தண்ணீர் பட்டால் ரிவெட்டைச் சுற்றித் துருப்பிடித்துவிடும். ரிவெட் போன ஒவ்வொரு ஓட்டையும் ஃபோமுக்குத் தண்ணீர் போகிற வழி. ஆகவே ரிவெட் குறைவாக உள்ள, கீல் பெட்டியோடு சேர்த்து வார்த்த மாடல் நல்லது. நிறம் வெள்ளை அல்லது வெளிர் நீலமாக இருக்கட்டும். அடர் நிறம் வெயிலில் கொதிக்கும்.

துறைமுகத்தில் பெட்டிக்கு ஆயுளைக் குறைப்பது மீனோ உப்போ அல்ல, தரை. நிரம்பிய பெட்டி 60 கிலோவுக்கு வரும். இரண்டு பேர் தூக்க வேண்டியதை அவசரத்தில் ஒருவர் கொக்கி மாட்டிக் காங்கிரீட்டில் இழுப்பார். ஏல நேரத்தில் அப்படித்தான் நடக்கும், சுமைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலி பெட்டிக் கணக்கு, நேரம் குறைவு. அதனால் அடியில் தடித்த கால்கட்டை வார்த்த பெட்டியாகப் பாருங்கள். தட்டையான அடி என்றால் இழுபடும் பக்கத்து விளிம்பு தேய்ந்து ஓட்டையாகிவிடும். கயிற்றுக் கைப்பிடியில் குழாய் கோத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரக் கையை அறுக்கும். தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கும் அம்மாக்களுக்கு இந்தப் பெட்டி உதவாது. அவர்களுக்கு அன்னக்கூடைதான், இருப்பை வைக்க நிழலில் ஒரு பெட்டி.

ஃபைபர் பெட்டிக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. உடைந்தால் படகுக்கு ஃபைபர் ஒட்டுகிறவரே கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் போட்டு அன்றே சரிசெய்துவிடுவார். பாலிஎத்திலீனில் எம்சீல் வைத்தால் பெயர்ந்து வரும், சூடுகாற்றில் அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கி ஒட்ட வேண்டும். ஆனால் ஃபைபர் உள்பக்கம் பெயர்ந்தால் கண்ணாடி இழை மீனில் ஒட்டும். அதைப் படகோடு பொருத்திய பெரிய பெட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். தெர்மகோல் ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். கழுவி மறுபடி பயன்படுத்தவே கூடாது.

எவ்வளவு நல்ல பெட்டியும் தப்பாக அடுக்கினால் வீண். ஐஸ் பாரை உடைக்கும்போது துண்டு இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பெரிய கட்டி மீனைக் குத்தும், சரியாக ஒட்டாது. அடியில் ஐந்து சென்டிமீட்டர் ஐஸ், ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், நான்கு பக்கச் சுவரோரமும் ஐஸ், மேலே ஐந்து சென்டிமீட்டர். நேரம் போகப் போக மீனைச் சுற்றி ஐஸ் உருகி ஒரு குகை மாதிரி இடைவெளி விழும். மேலே ஐஸ் இருப்பதாகத் தெரிந்தாலும் மீன் காற்றில்தான் கிடக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் தட்டி இறக்கிவிடுங்கள். விசைப்படகில் ஐஸில் வந்த மீன் என்றால் ஐஸ் குறைத்துக்கொள்ளலாம். ஃபைபர் போட்டில் காலையில் பிடித்த காணாங்கெளுத்தி, சூரை, மத்தி சூடாக வரும். அவற்றை முதலில் தொட்டியில் ஐஸ் தண்ணீரில் போட்டுக் குளிரவைத்துப் பிறகு அடுக்குங்கள். இந்த மீன்களில் வெப்பம் நின்றால் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை நச்சு உருவாகும், அது குழம்பில் கொதித்தாலும் போகாது. கடம்பாவை (கணவாய் வகை) ஐஸ் தண்ணீர் படாமல் பாலிதீன் பையில் கட்டி வைக்க வேண்டும், இல்லையேல் நிறம் போய்விடும். சுறாவுக்கும் திருக்கைக்கும் தனிப் பெட்டி. அவற்றின் அமோனியா வாடை மற்ற மீனுக்கும் ஏறும்.

கழுவுவதற்கு துறைமுகத்துக்குள் நிற்கும் தண்ணீரை மொண்டு ஊற்றாதீர்கள். டீசலும் சாக்கடையும் கலந்த தண்ணீர் அது. முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கோழையைப் போக்குங்கள். பிறகு 10 லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் ப்ளீச்சிங் பவுடர் கலந்து பத்து நிமிடம் நிற்கவிட்டு அலசுங்கள். அழுக்கு இருக்கும்போதே ப்ளீச்சிங் ஊற்றினால் குளோரின் அழுக்கோடேயே தீர்ந்துவிடும். மூடியைத் திறந்து, துளை கீழே வரும்படி சாய்த்துக் காயவையுங்கள்.

வண்டியோடு சேர்த்து வாங்க நினைப்பவர்கள் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் பெட்டியோடு கூடிய மோட்டார் சைக்கிளுக்கு 75,000 ரூபாய் அலகுச் செலவு வைத்து, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் என்று வகுத்திருந்தார்கள். அப்படி வரும் பெட்டியையும் கையொப்பம் போடுமுன் தண்ணீர் ஊற்றிச் சோதித்தே வாங்குங்கள்.