சிலிக்கா பூசிய காந்தத் திரவம்: டின்னைத் திறந்து பார்த்தால்

காந்தத் திரவம் என்பது எண்ணெயில் நுண்ணிய இரும்புத் தூள் கலந்தது; காந்தம் பக்கத்தில் வந்தால் கெட்டியாகிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பட்டறைகளுக்கு 250 மில்லி டின்னில் வரும் சிலிக்கா பூசிய காந்தத் திரவம் பற்றி முதலிலேயே சொல்லிவிடலாம்: இதுவும் அடியில் படியத்தான் செய்யும். ஆனால் கல்லாய் இறுகாது. கூடுதல் விலை அதற்குத்தான்.

இதிலுள்ள கார்பனைல் இரும்பின் (மிக நுண்ணிய இரும்புத் தூள்) அடர்த்தி மில்லிக்கு 7.8 கிராம், சிலிக்கோன் எண்ணெயுடையது 0.97. சில மைக்ரான் துகள் எவ்வளவு நேரம்தான் மிதக்கும்? சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) பூச்சு செய்வது வேறு வேலை. இரும்பும் இரும்பும் நேராக ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் ஒரு தோலாக நிற்கிறது. பூசாத டின்னின் அடியில் கரண்டியை விட்டால் 'டக்'கென்று நிற்கும். இதில் கெட்டித் தயிரில் போல இறங்குகிறது.

டர்பனின் உப்புக் காற்றில் துரு இன்னொரு தலைவலி. பூச்சு முழுமையாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சொட்டைக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, வெளியே காந்தத்தை வைத்துத் தூளைப் பிடித்துக்கொண்டு, டர்ப்ஸால் (பெயிண்ட் கரைக்கும் டர்பென்டைன்) இரண்டு முறை, பிறகு மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் ஒரு முறை கழுவுங்கள். அதன்மேல் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலை ஊற்றுங்கள். வெற்று இரும்பு சீக்கிரமே செம்பு நிறமாகிவிடும். நல்ல பூச்சு சாம்பல் நிறத்திலேயே இருக்கும். அங்கங்கே சிவப்புப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தில் ஓட்டை.

குறைகளும் உண்டு. சிலிக்காவுக்குக் காந்தம் பிடிக்காது. தோல் தடித்தால் திரவத்தின் பிடிப்பு குறையும். தடிமனையும் இரும்பின் அளவையும் டின்மேல் போடாதது பெரிய குறை. எடை போட்டுப் பாருங்கள்: கன அளவில் 30 சதவீதம் இரும்பு இருந்தால் 250 மில்லி ஏறத்தாழ 755 கிராம் வரவேண்டும்.

'நன்றாகக் கலக்கவும்' என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். எதை வைத்து? ஆய்வகத்துக் காந்தக் கலக்கியில் போட்டால் தூளெல்லாம் உள்ளே சுழலும் காந்தக் கோலிலேயே அப்பிக்கொள்ளும். பெயிண்ட் குலுக்கி நல்லது. இல்லையென்றால் டிரில்லில் தட்டையான துடுப்பை மாட்டி மெதுவாகச் சுழற்றலாம். சீலுக்கு நைட்ரைல் ரப்பர் போதும். சிலிக்கோன் ரப்பர் இந்த எண்ணெயில் ஊதிவிடும்.

ஓயாமல் ஆடும் டேம்பருக்கு (அதிர்வைத் தணிக்கும் கருவி) இவ்வளவு செலவு வேண்டாம். 2002 காடிலாக் செவில் காரில் வந்த வகை டேம்பரில் ஓட்டமே திரவத்தைக் கலக்கிவிடும். மாதக்கணக்கில் சும்மா கிடந்து, திடீரென்று வேலை செய்யவேண்டிய பிரேக் அல்லது கிளட்சுக்கு இதையே வாங்குங்கள்.