ஒரு வாளி காற்று அள்ளிக்கொண்டு வா

கதை தொடங்கும்போதே அப்பா பையனை இன்னொரு வாளி காற்று அள்ளிவர வெளியே அனுப்பியிருக்கிறார். நாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவோமே, அதே மாதிரி. அமெரிக்க எழுத்தாளர் ஃப்ரிட்ஸ் லைபரின் 'எ பெயில் ஆஃப் ஏர்' என்ற இந்தச் சிறுகதை 1951இல் 'கேலக்ஸி' என்ற அறிவியல் புனைகதை இதழில் வந்தது. புராஜெக்ட் குட்டன்பர்க் மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். வானிலையை வைத்து எழுதிய அறிவியல் புனைகதைகளில் எனக்கு இதுதான் முதலிடம்.

விஷயம் இதுதான். வழியில் போன ஓர் இருண்ட நட்சத்திரம் பூமியைச் சூரியனிடமிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. குளிர் ஏற ஏறக் காற்றே பனியாகக் கொட்டிவிட்டது. அடியில் தண்ணீர்ப் பனி, அதன்மேல் கார்பன் டை ஆக்சைடு, அப்புறம் நைட்ரஜன், அதற்கும் மேலே ஆக்சிஜன். பையன் போய் அந்த மேல் அடுக்கை அள்ளி வருகிறான், கணப்புச் சூட்டில் அது மெல்ல ஆவியாக, வீட்டில் நாலு பேர் மூச்சு விடுகிறார்கள். நெருப்பு அணையவே கூடாது. சுற்றிலும் அடுக்கடுக்காகக் கம்பளம் தொங்குகிறது, அந்த அறையின் உண்மையான சுவரையும் கூரையையும் பையன் பார்த்ததே இல்லை. அலமாரி உச்சியில் வரிசையாகக் கடிகாரங்கள். சூரியனும் நிலாவும் இல்லாத இடத்தில் நேரம் மறந்துபோகும் என்று அப்பா விடாமல் சாவி கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அந்தக் கடிகாரங்களைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உலகம் அழிந்ததை வெடியும் ஓட்டமுமாகக் காட்டாமல், தினமும் செய்தே ஆகவேண்டிய வீட்டு வேலையாகக் காட்டுகிறார் லைபர், அதுதான் இந்தக் கதையின் பலம்.

குறையும் உண்டு. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலேயே திரவமாகிவிடும், நைட்ரஜன் மைனஸ் 196இல்தான். அப்படியிருக்க ஆக்சிஜன் நைட்ரஜனுக்கு மேலே வருமா, இரண்டும் கலந்துதானே பெய்திருக்கும், இவ்வளவு சுத்தமாக அடுக்குப் பிரிந்து படியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அம்மாவையும் பையனின் சகோதரியையும் இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம். முடிவு கொஞ்சம் அவசரம்.

இதைப் படித்த கையோடு ரே பிராட்பரியின் 'ஆல் சம்மர் இன் எ டே' (1954) படியுங்கள். ஓயாத மழை பெய்யும் வெள்ளிக் கிரகம், ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் மட்டும் வெயில், அதற்காகக் காத்திருக்கும் ஒரு வகுப்புப் பிள்ளைகள். நிஜ வெள்ளியில் தரை வெப்பம் 460 டிகிரிக்கு மேல், அங்கே பெய்வதும் கந்தக அமில மழை, அதுவும் தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடுகிறது என்று இன்று நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டு படித்தாலும் கதை துளியும் பழசாகவில்லை, ஏனென்றால் அது பேசுவது பூமியில் வெயிலைப் பார்த்து வளர்ந்த ஒரு சிறுமி மீது மற்ற பிள்ளைகளுக்கு இருக்கும் பொறாமையைப் பற்றி. அவளை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன். வெயில் முடியும் நேரம், ஓடியாடிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை சட்டென்று நின்று கையை நீட்டுகிறாள், உள்ளங்கையில் ஒற்றை மழைத்துளி. அந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்.