கார் சாவியின் பேட்டரி தீர்ந்ததற்கு 21,400 ரூபாய் கேட்டார்கள்

சாவியைக் கையில் எடுக்காமலேயே கதவு திறக்கும் வகைக் கார் வைத்திருப்பவர்கள், என்னைப் போல ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

2024 டிசம்பரில் மதுரையிலிருந்து குடும்பத்துடன் கொடைக்கானல் சென்றிருந்தோம். இரண்டாம் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கைப்பிடியிலுள்ள பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் கார் திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறந்தேன். உடனே திருட்டு எச்சரிக்கை ஒலி அலறி, விடுதியில் தங்கியிருந்த அத்தனை பேரையும் எழுப்பிவிட்டது. மீட்டர் பலகையில் சாவி காணவில்லை என்ற செய்தி தெரிந்தது. கையேட்டில் சொல்லியிருந்தபடி ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிவைத்து அழுத்தியதும் வண்டி கிளம்பிவிட்டது. பகலில் வெயில் ஏறிய பிறகு அதே சாவி ஒழுங்காக வேலை செய்தது. குளிரில் படுத்து வெயிலில் எழுவது பேட்டரி தளர்ந்ததற்கான அறிகுறி என்பது எனக்கு அப்போது தெரியாது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களாகவே, முன்பு தெருமுனையிலிருந்து திறந்த வண்டியைப் பக்கத்தில் வந்து இரண்டு மூன்று முறை அழுத்தித்தான் திறக்க வேண்டியிருந்தது என்பதையும் நான் பொருட்படுத்தவில்லை.

ஊர் திரும்பியதும், பீரோவில் கிடந்த மாற்றுச் சாவியையும் எடுத்துக்கொண்டு, வழக்கமாகச் செல்லும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மாற்றுச் சாவியும் வேலை செய்யவில்லை. சர்வீஸ் அட்வைசர் ஸ்கேனரை இணைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு சாவியும் ஒரே நேரத்துல போகாது சார், வண்டிக்குள்ள இருக்கிற மாட்யூல்தான் போயிருக்கு" என்றார். சாவியின் சிக்னலை வாங்கும் மின்னணுப் பெட்டியைத்தான் அப்படிச் சொன்னார். பேட்டரியாக இருக்கலாமா என்று கேட்டேன். மல்டிமீட்டரை வைத்து 2.9 வோல்ட் காட்டுவதை எனக்கே காண்பித்து, பேட்டரி நன்றாக இருக்கிறது என்றார். புதிய மாட்யூல், இரண்டு சாவிகளையும் காரில் மறுபடி பதிவு செய்யும் கூலி எல்லாம் சேர்த்து 21,400 ரூபாய் என மதிப்பீடு கொடுத்தார்கள். அவர் பேச்சு நியாயமாகவே பட்டதால் 5,000 ரூபாய் முன்பணமும், சோதனைக் கட்டணமாக வரியுடன் 1,180 ரூபாயும் கட்டிவிட்டு வந்தேன்.

உதிரிபாகம் வர பத்து நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் எங்கள் தெருவில் டிவி பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "ரெண்டு பேட்டரியும் ஒண்ணாப் பொறந்தது சார், ஒண்ணாத்தான் போகும்" என்றார். உண்மைதான். 2020ஆம் ஆண்டு வண்டி வாங்கியபோது வந்த பேட்டரிகள்தாம் இரண்டிலும் இருந்தன. பீரோவுக்குள் சும்மா கிடந்தாலும், காரின் அழைப்புக்காகச் சாவி எந்நேரமும் காத்திருப்பதால் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டே இருக்கும்.

அவர் செய்த சோதனையைத்தான் சர்வீஸ் சென்டர் செய்திருக்க வேண்டும். பழைய பேட்டரியைச் சும்மா அளந்தபோது அங்கே காட்டிய அதே 2.9 வோல்ட்தான் வந்தது; பேட்டரியிலிருந்து மின்சாரத்தை இழுக்கும் சுமையாக ஒரு சிறிய ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்ததும் சில நொடிகளில் 2.1க்கு இறங்கிவிட்டது. புதிய பேட்டரி அதே ரெசிஸ்டரோடு 3 வோல்ட்டிலேயே நின்றது. சுமை இல்லாமல் அளக்கும்போது தீர்ந்த பேட்டரிகூட நல்லதுபோலத் தோற்றம் காட்டும். கார் அனுப்பும் குறைந்த அதிர்வெண் அழைப்புக்குச் சாவி 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பதில் அனுப்பும் அந்தக் கணத்தில்தான் அதன் பலவீனம் வெளிப்படும். ஸ்டார்ட் பொத்தானில் ஒட்டிவைத்தபோது வண்டி கிளம்பியதற்கும் விளக்கம் கிடைத்தது: பொத்தானைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளே சாவிக்குள் இருக்கும் சில்லுக்கு மின்சாரம் ஊட்டிவிடுகிறது, அதற்குப் பேட்டரி தேவையில்லை. அதாவது சாவியின் பதிவு அழியவே இல்லை. மாட்யூலையே மாற்றத் தேவையில்லாதபோது, மதிப்பீட்டில் எழுதியிருந்த மறுபதிவுக் கூலியும் தேவையற்றதே.

என் சாவிக்கு வேண்டியது 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட சிஆர் 2032. ஒன்று 60 ரூபாய் வீதம் இரண்டுக்கும் 120 ரூபாய் ஆனது. கடைக்காரர் கூலி வாங்க மறுத்துவிட்டார். இதே விட்டத்தில் 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிஆர் 2025 என்ற பேட்டரியும் கடைகளில் கிடைக்கிறது. அதைப் போட்டால் தொடுதகடு சரியாகப் படாமல் அதே கோளாறு திரும்ப வரும் என்பதால், பழையதன் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைத்துவிடாதீர்கள்; விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

பேட்டரி மாற்றியதும் இரண்டு சாவிகளும் பழையபடி தெருமுனையிலிருந்தே வண்டியைத் திறந்தன. மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போய் மேலாளர் முன்னிலையில் அதைச் செய்து காட்டினேன். அட்வைசர் பக்கத்தில்தான் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பணம் 5,000 ரூபாய் மூன்று வாரம் கழித்து வங்கிக் கணக்குக்கு வந்தது. சோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டதால், தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் (எண் 1915) மதிப்பீட்டுத் தாளையும் ரசீதையும் இணைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அந்த 1,180 ரூபாய் இன்னும் வரவில்லை.